59 மார்க்கு வாங்கிய டிஷ்

தானா ராத்தாவிலிருந்து சிறிது தூரம் தள்ளி, தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஒரு லயன் வரிசை. முன்பெல்லாம் அந்த வரிசை முழுவதும் தமிழ்ப் பேச்சுதான் கேட்கும். இன்று பல கதவுகளுக்குப் பின்னால் வங்காள தேசத்து இளைஞர்களும் நேப்பாளத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தாம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததும் அரைகுறை மலாய்; என் பெரியம்மாவுக்குத் தெரிந்ததும் அரைகுறை மலாய். ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல் பெரியம்மாவின் வீட்டில் தமிழ் பேசுவது இரண்டே பேர்: பள்ளிக்கூடம் போகும் பேத்தியும் தொலைக்காட்சிப் பெட்டியும். பேத்தி பாடம் படிக்க உட்கார்ந்துவிட்டால் பெட்டி மட்டும்தான்.

அந்தப் பெட்டிதான் மக்கர் செய்ய ஆரம்பித்தது. தொடர் நாடகத்தில் மருமகள் வாயைத் திறப்பாள், முகம் கட்டம் கட்டமாக உடையும், அப்படியே நின்றுவிடும். காலையில் சரியாக இருக்கும். ராத்திரி மீண்டும் தகராறு.

பழுது பார்க்க ஒரு தம்பி வந்தார். ரிமோட்டை எடுத்து நாலைந்து பொத்தான்களை அழுத்தினார். திரையில் இரண்டு கோடுகள் தோன்றின.

"பாட்டி, இதைப் பாருங்க. குவாலிட்டி அம்பத்தொம்பதுதான் காட்டுது. பரீட்சையில இது என்ன மார்க்கு? பக்கத்து வீட்டுல எண்பத்து நாலு வருது. டிஷ் பழசாயிடுச்சு, எல்.என்.பி.யும் போச்சு. ரெண்டையும் மாத்திடுவோம்."

எல்.என்.பி. என்பது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனியில் உள்ள சிறு தலை. வானத்திலிருந்து வருவதைப் பிடித்துக் கேபிளுக்குள் அனுப்புவது அதுதான். இரண்டையும் மாற்றக் கூலியோடு 260 வெள்ளி. தீபாவளிக்கென்று தகர டப்பாவில் சேர்த்து வைத்த பணம் போயிற்று. புது டிஷ் சுவரில் பளபளவென்று ஏறியது. எண் எவ்வளவு ஆயிற்று தெரியுமா? 61!

அன்று இரவே நாடகத்தின் நடுவில் படம் மீண்டும் நின்றது.

பள்ளி விடுமுறைக்கு நான் போயிருந்தபோது பெரியம்மா கேட்ட கேள்வி இதுதான்: "ஏன்டா, அந்த நம்பரை நம்பலாமா, கூடாதா?" நம்பலாம் என்று சொன்னாலும் பொய், கூடாது என்று சொன்னாலும் பொய். அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. பெரியம்மாவைப் போல 260 வெள்ளியை எண்ணிக் கொடுக்கும் நிலையில் இன்னும் எத்தனை வீடுகள் இருக்குமோ!

ஈரக் கொழுந்தும் எடைத் தராசும்

திரையில் தெரியும் இரண்டு கோடுகளில் ஒன்று சிக்னலின் பலம். மற்றது சிக்னலின் தரம். பலர் இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். கொழுந்து பறித்த கைகளுக்கு இந்த வித்தியாசத்தை விளக்குவது சுலபம்.

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தராசு என்ன காட்டும்? கூடையில் உள்ள எல்லாவற்றின் எடையையும் காட்டும். இரண்டு இலை ஒரு மொட்டும் சேர்த்தி, முற்றிய இலையும் சேர்த்தி, காம்பும் சேர்த்தி, இலைமேல் நிற்கும் தண்ணீரும் சேர்த்தி. எடை ஏறியதால் நல்ல கொழுந்து ஏறியதென்று எந்தக் கங்காணியும் ஒப்புக்கொள்ள மாட்டார். சிக்னல் பலம் என்பது அந்தத் தராசுதான். கேபிள் வழியே இறங்கி வரும் சக்தி மொத்தமாக எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்கிறது. அதில் படமும் இருக்கிறது, இரைச்சலும் இருக்கிறது. டிஷ்ஷை வெறும் வானத்தின் பக்கம் திருப்பி வைத்தால்கூடச் சில பெட்டிகளில் பலக் கோடு பாதி வரை நிற்கும். எல்.என்.பி. தானே எழுப்பும் இரைச்சலைப் பெட்டி சிக்னலென்று எண்ணிக்கொள்கிறது!

தரம் என்பது கூடையைக் கொட்டிப் பார்ப்பது. வந்ததில் படம் எவ்வளவு, குப்பை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறது. ஆகவே பார்க்க வேண்டிய கோடு இரண்டாவது கோடுதான். பலம் 90 இருந்து தரம் 10 என்றால் படம் வராது. பலம் 50 இருந்து தரம் 70 என்றால் படம் கண்ணாடி போல் நிற்கும். "சிக்னல் குறைவு, நடுவில் ஒரு பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். பூஸ்டர் படத்தையும் பெருக்கும், இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கேபிள் மிக நீளமாக ஓடும் இடத்தில் அதற்கு வேலை உண்டு. டிஷ்ஷிலிருந்து பெட்டிக்குப் பத்து மீட்டர் உள்ள லயன் வீட்டில் அதற்கு என்ன வேலை?

யார் போட்ட மார்க்கு?

சரி, தரக் கோட்டையாவது நம்பலாமல்லவா? இங்கேதான் தம்பி தவறினார்.

ஒரு கிலோ தானா ராத்தாவிலும் ஒரு கிலோதான், ஈப்போவிலும் ஒரு கிலோதான். ஆனால் டிகோடர் பெட்டி காட்டும் 59க்கு அப்படி ஒரு பொது அளவு கிடையாது. துணைக்கோளத்தின் சிக்னலுக்கு உண்மையான அளவு டெசிபல் கணக்கு. இரைச்சலைவிடப் படம் எத்தனை மடங்கு மேலே நிற்கிறது என்பதை அது சொல்லும். மூன்று டெசிபல் கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த டெசிபல்லை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிக் காட்டுவது பெட்டியைச் செய்த கம்பெனியின் சொந்த இஷ்டம். ஒருவர் 15 டெசிபல்லை 100 என்பார். இன்னொருவர் 20 டெசிபல் வந்தால்தான் 100 கொடுப்பார். வேறொருவர் டெசிபல்லைப் பார்க்கவே மாட்டார். எழுத்துப் பிழைகள் எத்தனை வந்தன என்று எண்ணி மார்க்குப் போடுவார். ஒரே கம்பெனியின் பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும்கூடக் கணக்கு மாறலாம். இரண்டு வாத்தியார்கள் ஒரே விடைத்தாளைத் திருத்தினால் ஒரே மார்க்கு வருமா என்ன?

நாங்கள் இதைச் சோதித்தே பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா பெரிய மனதோடு சம்மதித்தார். அவர் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து பெரியம்மாவின் கேபிளில் மாட்டினோம். வானம் தெளிவு, அதே சேனல். என்ன காட்டியது? 83! பெரியம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டுக் கேபிளில் மாட்டினோம். 60! வீடு மாறியது, டிஷ் மாறியது, எண் மாறவில்லை. 61 என்பது அந்தப் பெட்டியின் பிறவிக் குணம். புது டிஷ் ஏறுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் தீபாவளிப் பணம் டப்பாவிலேயே இருந்திருக்கும். பத்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை.

சேனலுக்குச் சேனலும் எண் மாறும். வானத்திலிருந்து சேனல்கள் கூட்டம் கூட்டமாக, வெவ்வேறு அலைவரிசைகளில் இறங்குகின்றன. ஒரு கூட்டத்தில் 61 காட்டும் பெட்டி அடுத்த கூட்டத்தில் 55 காட்டலாம். போதாக்குறைக்கு, எல்லாச் சேனலுக்கும் ஒரே அளவு தரம் தேவையுமில்லை. தெளிவுப் படம் தரும் எச்.டி. சேனல்களை நெருக்கி அடைத்து அனுப்புவது வழக்கம். இன்று பல நாடுகளில் புழங்கும் டி.வி.பி.-எஸ்2 என்ற முறையில், அடைக்காத ஒரு வகைக்கு 4 டெசிபல் போதும். நெருக்கி அடைத்த வகைக்கு 8 டெசிபல் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதனால்தான் மழை பிடித்ததும் எச்.டி. சேனல் முதலில் போய்விட, மற்றொரு சேனல் ஒன்றும் நடக்காதது போல் பாடிக்கொண்டிருக்கிறது.

கண்ணே மீட்டராக இருந்த காலம்

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பரில். ஆன்டெனா காலத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கோடுகளின் தொல்லை கிடையாது. சிக்னல் கொஞ்சம் குறைந்தால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழும். இன்னும் குறைந்தால் பனி கொட்டுவது போல் கொட்டும். ஒருவர் கூரைமேல் நின்று கம்பியைத் திருப்புவார்; இன்னொருவர் ஜன்னல் வழியே "இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்! ஐயோ, போச்சு!" என்று கத்துவார். கண்ணே மீட்டர். பழுது வருமுன்பே படம் மங்கி எச்சரிக்கும்.

அந்தப் பழைய ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. டிஷ் வழி வருவதோ தொடக்கத்திலிருந்தே இலக்கமுறை. இதில் படம் எழுத்தெழுத்தாக, எண்களாக வருகிறது. மழையில் நனைந்த கடிதம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். "தா-னா ரா-தா" என்று ஓர் எழுத்து அழிந்திருந்தாலும் அது தானா ராத்தா என்று நீங்கள் படித்துவிடுவீர்கள். பெட்டியும் அப்படித்தான். அழிந்த எழுத்துகளைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். அதனால் தரம் 90 இருந்தாலும் 60 இருந்தாலும் கண்ணுக்கு ஒரே படம்தான். ஒரு புள்ளிகூட வித்தியாசம் தெரியாது. ஆனால் அழிந்த எழுத்துகள் ஓர் அளவைத் தாண்டினால் பெட்டியால் நிரப்ப முடியாது. அப்போது படம் மங்காது. ஒரேயடியாக உடைந்து நிற்கும். மலையோரப் பாதை மாதிரி. விளிம்பு வரை நடக்கலாம், அதற்கு அடுத்த அடி கிடையாது.

இதனால் ஒன்று விளங்குகிறது. தரம் ஏறினால் படம் அழகாகும் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. அந்த எண் சொல்வது விளிம்புக்கும் உங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை மட்டுமே. விளிம்பு எந்த எண்ணில் இருக்கிறது என்று பெட்டி சொல்லாது. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியம்மாவின் பெட்டியில் 40க்குக் கீழே இறங்கினால்தான் படம் உடைகிறது. அக்கா வீட்டுப் பெட்டியில் 55க்கு இறங்கும்போதே உடைந்துவிடுகிறது! 84 வாங்கிய பெட்டியும் 61 வாங்கிய பெட்டியும் ஒரே மழையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் நின்றன.

இன்னொரு குறையும் உண்டு. கோடு ஒரு நொடிக்கோ சில நொடிக்கோ ஒரு முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து போகும் கோளாறு அதில் படாமலே தப்பிவிடும். டிகோடர் சூடேறினாலோ, டிகோடருக்கும் டி.வி.க்கும் நடுவிலுள்ள கம்பி தளர்ந்தாலோகூடப் படம் நிற்கும். அப்போது தரக் கோடு அசையாமல் நின்று, "என்மேல் குற்றமில்லை" என்று சொல்லும். அது உண்மையும்கூட. கோடு அசையாமல் படம் நின்றால் டிஷ்ஷைத் தொட வேண்டியதே இல்லை.

பனியா, மழையா?

கேமரன் மலையில் எந்தக் கோளாறுக்கும் முதலில் பழி வாங்குவது பனிமூட்டம். பாவம், இந்த விஷயத்தில் அது நிரபராதி. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். மூடுபனியின் துளிகளோ கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவுக்குப் பொடி. அவற்றைத் தாண்டுவது அந்த அலைக்குப் பொருட்டே இல்லை. எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி இறங்கிய காலையில் கோட்டைப் பாருங்கள்; எண் இறங்கியிருக்காது, அல்லது ஒன்று இரண்டுதான் இறங்கியிருக்கும். பனி செய்யும் கெடுதி வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

உண்மையான எதிரி பெருமழைத் துளி. தானா ராத்தாவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம். ஆனாலும் மலைவாசிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. நம் வட்டாரத்து வானில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரம் வரைதான் மழை தண்ணீராக இருக்கும். அதற்கு மேல் பனிக்கட்டி, அது சிக்னலை அதிகம் தொடாது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே சிக்னல் நம் கூரைக்கு வரும் வழியில் கடக்கும் மழையின் ஆழம் மூன்றரை கிலோமீட்டர். கீழே கடலோரத் தோட்டத்தில் அது ஐந்து கிலோமீட்டர். அதே மழைக்கு அவர்கள் படம் நமக்கு முன்னால் போகும்!

எந்தப் பக்கத்து மழை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக்கு ஒளிபரப்பும் மியாசாட் துணைக்கோளங்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 91.5 டிகிரி கிழக்கில் நிற்கின்றன. முதலாவது மியாசாட் 1996 ஜனவரியில் ஏவப்பட்டது. அஸ்ட்ரோ அந்த ஆண்டில்தான் வந்தது. தானா ராத்தாவில் நின்று பார்த்தால் அந்த இடம் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே, தரையிலிருந்து 77 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதாவது ஏறக்குறைய தலைக்கு மேலே. ரிங்லெட்டில் கொட்டும் மழை தானா ராத்தாவின் படத்தை நிறுத்தாது. நம் தலைமேல் கொட்டுவதுதான் நிறுத்தும்.

இந்த 77 டிகிரியைப் பலர் நம்ப மாட்டார்கள். டிஷ்ஷைப் பார்த்தால் எதிர்மலையைப் பார்ப்பது போலல்லவா சாய்ந்திருக்கிறது? அது அந்த டிஷ்ஷின் வார்ப்பு. முகம் ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். அது பார்ப்பது முகம் காட்டும் இடத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தில். ஆகவே எதிரே உள்ள மலை மறைக்கிறதென்று கவலைப்பட வேண்டாம். கூரையின் இறவாரம் மறைக்கிறதா, மேலே ஒரு கிளை தழைத்து வருகிறதா என்று பாருங்கள். லயன் வீட்டுச் சுவரில் இறவாரத்துக்கு நெருக்கமாக டிஷ்ஷை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். போன வருடம் குச்சியாக இருந்த மரம் இந்த வருடம் குடை பிடித்திருக்கும். காய்ந்த இலையைவிட நனைந்த இலை கூடுதலாக மறைக்கும் என்பதால் மழைக்குப் பிறகு எண் கீழேயே கிடக்கும்.

சூரியன் வரும் நாளும் துணைக்கோளம் போன நாளும்

எந்தப் பழுதும் இல்லாமலே எண் சரியும் நேரங்கள் உண்டு. மார்ச் மாத நடுவைத் தாண்டி ஒரு சில நாள், செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு சில நாள், மதியம் இரண்டு மணி வாக்கில் சூரியன் சரியாகத் துணைக்கோளத்தின் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் அந்த அலைவரிசையில் இரைச்சல் போடுவது. அப்போது ஒரு வேடிக்கை பார்க்கலாம். பலக் கோடு இறங்காது. சற்று ஏறக்கூடச் செய்யும். தரக் கோடு மட்டும் சரியும். கூடையில் தண்ணீர் ஊற்றி எடை கூட்டிய கதைதான்! சில நிமிடங்களில் தானே சரியாகிவிடும். இதற்காக யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

2021 ஜூன் 21-ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் கடும் நடமாட்டக் கட்டுப்பாடு, எல்லாரும் வீட்டுக்குள். அன்றுதான் மியாசாட்-3 கோளாறானது. 2006 டிசம்பரில் ஏவப்பட்டு, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த துணைக்கோளம் அது. நாடு முழுவதும் டிஷ் வைத்த வீடுகளில் சேனல்கள் கொத்துக் கொத்தாக மறைந்தன. அன்று கூரை ஏறி டிஷ்ஷைத் திருப்பியவர் இருந்தால், சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சேனல்களைப் பக்கத்தில் நிற்கும் மற்ற மியாசாட்களுக்கு மாற்றித்தான் ஒளிபரப்பை மீட்டார்கள். மியாசாட்-3 மறுபடி வேலைக்குத் திரும்பவே இல்லை. 2022 ஜூனில் மியாசாட்-3டி ஏவப்பட்டபோது அதே ராக்கெட்டில் இந்தியாவின் ஜிசாட்-24-உம் ஏறியது. அது அங்கே டாடா பிளே டிஷ்களுக்குப் படம் அனுப்பப் போனது. இங்குள்ள அக்கா வீட்டு டிஷ்ஷுக்கும் ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டு டிஷ்ஷுக்கும் ஒரே வண்டியில் துணைக்கோளம் போயிருக்கிறது!

ஆகவே எண் திடீரென்று பூஜ்யமானால் முதலில் ஏணியைத் தேடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கும் போயிருந்தால் உங்கள் டிஷ்மேல் பழியில்லை.

பேத்தியின் நோட்டு

பெரியம்மா வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெட்டிகளை மாற்றிப் பார்த்ததில் டிஷ் நிரபராதி என்று தெரிந்தது. ஆனால் படம் ஏன் நிற்கிறது என்பது தெரியவில்லையே!

பேத்தியிடம் ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொடுத்தேன். ஒரே சேனல், காலை பள்ளிக்குப் போகுமுன், மதியம் வந்தபின், இரவு நாடகத்தின்போது, தரம் எவ்வளவு, வானம் எப்படி. அவ்வளவுதான். சின்னப் பெண், ஆனால் கிராணியார் போல ஒழுங்காக எழுதினாள். இரண்டு வாரத்தில் அந்த நோட்டு பேச ஆரம்பித்துவிட்டது.

மழையில்லாத நாள்: காலை 61, மதியம் 61, இரவு 60. இதில் ஒன்றுமில்லை.

பெருமழை நாள்: மாலை 36. மழைக்கு எண் இறங்குவது இயற்கை. ஆனால் மழை எட்டு மணிக்கே விட்டுவிட்டது. ஒன்பது மணிக்கு 38. மறுநாள் காலை 43. மதியம் வெயில் வந்தபின் 61.

அதே இரவு அக்கா வீட்டில் மழை விட்ட பத்து நிமிடத்தில் எண் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. அப்படியானால் எங்கள் வீட்டில் மழை விட்ட பிறகும் எதுவோ ஈரமாகவே இருக்கிறது. வெயில் பட்டால்தான் காய்கிறது. வானத்தில் அப்படி எதுவும் கிடையாது. சுவரில்தான் இருக்க வேண்டும்.

இருந்தது. டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளும் வீட்டுக்குள் போகும் கேபிளும் வெளிச்சுவரில் ஒரு கனெக்டரில் இணைகின்றன. கறுப்பு டேப்பைப் பிரித்தால் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. நடுச்செம்புக் கம்பி பாசி பிடித்ததுபோல் பச்சை பூத்திருந்தது. பனிமூட்டம் செய்யும் கெடுதி என்று முன்னே சொன்னேனே, இதுதான். படத்தை அது மறைப்பதில்லை, இணைப்புகளைக் காயவிடுவதில்லை. அந்தக் கேபிள் வழியே படம் கீழே இறங்குவது மட்டுமல்ல, எல்.என்.பி. வேலை செய்ய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே ஏறுவதும் உண்டு. இணைப்பு அழுகினால் இரண்டும் கெடும். புது டிஷ்ஷை மாட்டியவர் பழைய இணைப்பை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

செலவு எவ்வளவு? கனெக்டரும் நீர் புகாத டேப்பும் பத்து வெள்ளிக்குள். பச்சை பூத்த பகுதியை வெட்டித் தள்ளி, புதிதாக முறுக்கி, தண்ணீர் கேபிள் வழியே இணைப்புக்குள் ஓடி வராமல் கேபிளை ஒரு சிறு தொங்கலாக வளைத்துக் கட்டினோம். மின்சாரம் ஏறுவதால் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டோம். ஈரக் கூரையில் யாரையும் ஏற விடவுமில்லை, சுவரோரம் நின்றே செய்தோம்.

வேலை முடிந்ததும் பெரியம்மா ஆவலோடு கேட்டார்: "இப்ப எவ்வளவு காட்டுது?"

61!

"அதேதானே?" என்று முகம் சுருங்கிவிட்டார். அன்று மாலை நல்ல மழை. எண் 44 வரை இறங்கியது, படம் நிற்கவில்லை. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் 61.

பழுது பார்க்க யாரை அழைத்தாலும் ஒன்று கேளுங்கள்: "தம்பி, வேலைக்கு முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவு, உங்க மீட்டர்ல காட்டுங்க." டெசிபல் கணக்கிலும் பிழைக் கணக்கிலும் காட்டும் மீட்டர்கள் இருக்கின்றன, அது இருந்தால் டிஷ் அடியிலும் அளப்பார், பெட்டிக்குப் பின்னாலும் அளப்பார். டிஷ் அடியில் நன்றாக இருந்து வீட்டுக்குள் கெட்டிருந்தால் நடுவிலுள்ள கேபிள்தான் குற்றவாளி. மீட்டர் இல்லாதவரிடம் உங்கள் நோட்டைக் காட்டுங்கள். வேலை தெரிந்தவராக இருந்தால் அதை வாங்கிப் படிப்பார்.

பேத்தி இன்னமும் எழுதுகிறாள். பெரியம்மா போனில் கூப்பிட்டால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு அறுபத்தொண்ணு" என்கிறார். கழற்றிப் போட்ட பழைய டிஷ் வீட்டுக்குப் பின்னால் கோழிகளுக்குத் தீனித் தட்டாகக் கிடக்கிறது.